இரண்டாவது நீலப் புட்டி

பிப்ரவரி 4

வாயாடி மகளுக்கு அப்பா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று தெரியும். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம்தான் தலைக்கு ஏறியிருக்கிறது.

போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் வைத்துவிடுவேன், அப்புறம் இரண்டு வாரம் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்போம். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் இனி கடிதம்தான்.

நேற்று வழக்கம்போல மூன்று மாதக் கணக்குப்படி ரத்தம் கொடுக்க ரத்த வங்கிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் வரவேற்பில் இருந்த பெண் எழுந்து நின்றாள். மரியாதை என்று நினைத்தேன். "ஐயா, உங்களுக்கு அறுபத்தஞ்சு முடிஞ்சிடுச்சு. இனிமே எடுக்கக் கூடாது" என்றாள். கையில் ஒரு பாராட்டுச் சான்றிதழைத் திணித்தாள். நூற்றுப் பதினோரு முறை கொடுத்திருக்கிறேனாம். பேப்பர் மில்லில் பாய்லர் ஓட்டிய நாளிலிருந்து கொடுத்த முப்பது சொச்சம் வருஷத்தை ஒரு அட்டையில் அடக்கிவிட்டார்கள்.

"சோதனையாவது பண்ணிப் பாரும்மா" என்றேன். விரலில் குத்தி ஒரு சொட்டை அந்த நீலத் தண்ணீர்ப் புட்டியில் விட்டாள். உனக்குத் தெரியாததா, மிதந்தால் சோகை, மூழ்கினால் கொடுக்கலாம். என் சொட்டு கல் மாதிரி நேராக அடியில் போய் உட்கார்ந்தது. சுற்றி இருந்தவர்கள் எப்போதும்போலக் கைதட்டினார்கள். அப்படியும் முடியாது என்றாள். சான்றிதழை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். இனி அந்தப் படியை மிதிக்க மாட்டேன்.

என் ரத்தத்துக்கு என்ன குறை? ஏழு வருஷத்துக்கு முன்னால் நீ ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் உன் மெஷினிலேயே ஓட்டிப் பார்த்து "எல்லாம் சரியா இருக்குப்பா" என்று சொன்னாயே. அதை ஒரு தாளில் எழுதி அனுப்பு. கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

அத்தை உன்னை விசாரித்தாள். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
ஓய்வு கொடுக்கப்பட்ட அப்பா


பிப்ரவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாம் சுகம். உங்கள் கோபமும் சுகமாக இருக்கிறது என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது?

வயது வரம்பு உங்களை அவமானப்படுத்தப் போட்டதில்லை அப்பா. மில்லிலும் அறுபதில் அனுப்பினார்கள், அன்றைக்கு மாலை வாங்கிக்கொண்டுதானே வந்தீர்கள்? சான்றிதழைப் போய் வாங்கி வாருங்கள். அந்தப் பெண் பாவம்.

என் ஆய்வகத்தில் ஆள் குறைவு. காலையில் உட்கார்ந்தால் மதியம்வரை மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்க முடிவதில்லை. ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துச் சாயமேற்றினால் போதும், ஆளைப் பார்க்காமலே கொஞ்சம் சொல்லிவிடலாம். வெளிறிச் சிறுத்த சிவப்பணு என்றால் இரும்புச்சத்து இல்லை. வெள்ளையணு பெருகியிருந்தால் உள்ளே ஏதோ சண்டை நடக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது மாறுதல் தெரிந்தால் எழுதுங்கள்.

உங்கள் மகள்


மே 6

வாயாடிக்கு,

அத்தையின் முழங்காலுக்கு ஒரு வணக்கம் சொல்லியாகிவிட்டது. அது பழையபடிதான். நீ சுகம்தானே?

நான் கேட்ட தாள் வரவில்லை. மெஷினில் பார்த்த கதையைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. மறந்திருப்பாய், போகட்டும். அந்தத் தாள் இல்லாமலே காரியத்தை முடித்துவிட்டேன்.

முதலில் சில்லறைத் தொல்லைகள். இரண்டு மாதமாகக் குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் அரித்துப் பிடுங்குகிறது. மூன்று சோப்பு மாற்றிவிட்டேன், கடைக்காரரோடு சண்டையும் போட்டாகிவிட்டது. செருப்புக்குள் கால்விரல் எரிகிறது. நாலு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடுகிறது. முகம் மட்டும் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. "வயசு திரும்புதா அண்ணே" என்று பக்கத்து வீட்டுத் தையல்காரர் கேலி செய்கிறார்.

அந்த முகம்தான் உதவியது. போன மாதம் இருபதாம் தேதி பக்கத்து ஊரில் ஒரு முகாம். பஸ் ஏறிப் போனேன். வயது ஐம்பத்தெட்டு என்றேன். அங்கிருந்த டாக்டர் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "ஐம்பதுன்னு சொன்னாக்கூட நம்புவேன்" என்றார். சொட்டு மூழ்கியது, கைதட்டினார்கள், படுத்தேன், கொடுத்தேன். நூற்றுப் பன்னிரண்டு. திட்டுவாய். திட்டு.

ஆனால் ஒன்றைக் கேள். கொடுத்துவிட்டு வந்த மறுநாளிலிருந்து அரிப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. தலை பாரமும் இல்லை. என் உடம்புக்குத் தெரிந்தது உங்கள் விதிக்குத் தெரியவில்லை.

உன் தலைமுடி கொட்டுவதாகச் சொன்னாயே, நின்றதா?

இப்படிக்கு,
நூற்றுப் பன்னிரண்டு


மே 10

அன்புள்ள அப்பாவுக்கு,

முடி கொட்டட்டும். இதைப் பொறுமையாக முழுதும் படியுங்கள்.

குளித்தால் அரிப்பு, சிவந்த முகம், எரியும் விரல், நாலு வாயில் நிறையும் வயிறு. நீங்கள் சில்லறை என்று எழுதிய நாலையும் சேர்த்துப் பார்த்தால் சில்லறையாகத் தெரியவில்லை. ரத்தம் எடுத்ததும் அரிப்பு குறைந்தது என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

சிவப்பணுக்கள் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் பிறக்கின்றன. நாலு மாதம் ஓடி உழைத்துவிட்டுச் சாகின்றன. எவ்வளவு செத்ததோ அவ்வளவு பிறக்க வேண்டும். சிலருக்கு நடுவயதுக்குமேல் மஜ்ஜையில் ஒரு அணுவுக்குப் புத்தி கெட்டுப்போய், போதும் என்ற கட்டளை கேட்காமல் பெற்றுத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்குப் பாலிசைத்தீமியா என்று பெயர். ரத்தம் கெட்டியாகும், மெதுவாக ஓடும், எங்காவது கட்டி நிற்கும். மூளையில் நின்றால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

என் சந்தேகம் சரியென்றால், மூன்று மாதத்துக்கொரு முறை கொடுத்தீர்களே, அதுதான் உங்களை இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறது. நிறுத்தியதும் வெளியே வந்துவிட்டது. ஒரு குழாய் ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும். இருந்தால் மாத்திரை உண்டு, அவ்வப்போது ஒரு பை ரத்தத்தை எடுத்துக் கழித்துவிடுவார்கள். யாருக்கும் ஏற்ற மாட்டார்கள்.

இன்னொன்று. அந்த முகாமை நடத்தியவர்களுக்குப் போன் செய்து உங்கள் உண்மை வயதையும் என் சந்தேகத்தையும் சொல்லிவிட்டேன். பை இன்னும் குளிர்பெட்டியில்தான் இருந்தது. அதை நீக்கிவிட்டார்கள்.

நாளைக்கே போய்ச் சோதனை செய்யுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் மகள்


மே 28

என் பையைக் கொட்டவைத்த மகளுக்கு,

சுகமாக இரு.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். என் ரத்தம் இனி யாருக்கும் ஆகாது. எடுப்பார்கள், சாக்கடையில் ஊற்றுவார்கள்.

நான் எப்படிக் கொடுக்க ஆரம்பித்தேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். பெரிய கருணையெல்லாம் இல்லை. "கரி அள்ளுறவனுக்கு ஊசின்னா பயம்" என்று ஃபோர்மேன் சிரித்தார், வீம்புக்குப் போய்ப் படுத்தேன். அப்புறம் ஒரு நாள் யாரோ ஒரு பெண் என் முன்னால் வந்து நின்று, கைக்குழந்தையைக் காட்டி, "பிரசவத்துல எனக்கு ஏத்தினது உங்க பை" என்றாள். அன்றைக்கு வீம்பு போய்விட்டது. அதற்கப்புறம் நான் கொடுத்ததெல்லாம் வேறு கணக்கு.

மில்லில் நான் கரி அள்ளினேன், வீட்டில் உன்னை வளர்த்தேன், எல்லாரும் செய்வதுதான். நான் மட்டும் செய்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருப்பது அந்த ஒன்றுதான். அதைச் சாக்கடைக்கு அனுப்ப நானே கையை நீட்ட மாட்டேன். இருக்கிற ரத்தம் எனக்குள்ளேயே இருந்துவிட்டுப் போகட்டும். சோதனைக்கும் வர மாட்டேன். இதுபற்றி இனி எழுதாதே.

அப்பா


ஜூலை 25

மகளுக்கு

சுகம். நீ எழுதின மூன்று கடிதமும் வந்தது. பதில் எழுத நேரமில்லை. பேனா சரியில்லை அதான் எழுத்து கோணல். வேறு ஒன்றும் இல்லை. சாப்பிடு.

அப்பா


ஜூலை 26

மருமகளுக்கு அத்தை எழுதிக்கொள்வது. நீ நல்லபடியாக இருக்க வேண்டும். என் முழங்காலை விடு.

அண்ணன் உனக்கு ஒரு கடிதம் அனுப்பியிருப்பார். பேனா நன்றாகத்தான் இருக்கிறது. நான் அதே பேனாவில்தான் எழுதுகிறேன்.

போன வாரம் காலையில் டம்ளரை எடுத்தார், கையிலிருந்து நழுவி விழுந்தது. "என்ன அண்ணே" என்றேன். வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அரை மணி நேரத்தில் பேச்சு வந்துவிட்டது. வந்த முதல் வார்த்தை, "அவளுக்குச் சொல்லாதே." அன்றிலிருந்து வலது கை முன்போல இல்லை. சட்டைப் பித்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். ஆஸ்பத்திரி என்றால் கத்துகிறார்.

நான் சத்தியம் எதுவும் செய்யவில்லை. அதனால் சொல்லிவிட்டேன். நீ வா.

அத்தை


ஜூலை 30

அன்புள்ள அப்பாவுக்கு,

அத்தையைத் திட்டாதீர்கள். சனிக்கிழமை நான் அங்கே இருப்பேன். கடிதம் எனக்கு ஒரு நாள் முன்னால் வந்துவிடும். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் என் மெஷின் "எல்லாம் சரி" என்று சொல்லவில்லை.

ரத்தம் பிடித்த சோதனைக் குழாயை மெஷினில் வைப்பதற்குமுன் எட்டு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். இல்லையென்றால் அணுக்கள் அடியில் படிந்து, எண்ணிக்கை தாறுமாறாக ஏறிக் காட்டும். வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் அந்தத் தப்புக்காக நான் இரண்டு தடவை எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியிருந்தேன். உங்கள் ரத்தத்தை ஓட்டியபோது பதினேழைத் தாண்டக் கூடாத ஹீமோகுளோபின் பதினெட்டரைக்கு மேலே காட்டியது. தட்டணுக்களும் அதிகம். நான் சரியாகக் கலக்கவில்லை என்று நினைத்தேன். மூன்றாவது தடவையும் திட்டு வாங்கப் பயந்து, குழாயைக் கழிவில் போட்டுவிட்டு, வெளியே உட்கார்ந்திருந்த உங்களிடம் வந்து சிரித்துக்கொண்டே பொய் சொன்னேன்.

கலக்கியிருந்தேன் அப்பா. எட்டு முறையும் எண்ணியிருந்தேன். அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

மறுபடி ஒரு குழாய் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீங்கள் ஊரெல்லாம் கைதட்டு வாங்கி வந்தபோது நானும் கூடச் சேர்ந்து தட்டினேன். பிப்ரவரியில் அந்தத் தாளைக் கேட்டீர்கள். என்னால் எழுத முடியவில்லை. அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் உங்கள் கை இன்றைக்கு நன்றாக இருந்திருக்கும்.

சாக்கடையைப் பற்றிச் சொன்னீர்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் பாய்லருக்கு ப்ளோ டவுன் திறப்பீர்கள். அடியில் கெட்டிப்பட்ட தண்ணீர் சீறிக்கொண்டு வாய்க்காலில் போகும். சின்ன வயதில், "ஏம்ப்பா வீணாக்குறீங்க" என்று கேட்டேன். "இதை வெளிய விடலேன்னா நாளைக்கு மில்லே இருக்காது" என்றீர்கள். அந்தத் தண்ணீருக்காக நீங்கள் ஒரு நாளும் வருத்தப்படவில்லை.

சனிக்கிழமை என்னைத் திட்டுங்கள், பேசாமல் இருங்கள், எது வேண்டுமானாலும் செய்யுங்கள். ஆனால் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். வராமல் நான் திரும்ப மாட்டேன்.

உங்கள் மகள்


செப்டம்பர் 17

வாயாடிக்கு,

எழுத்து கோணல்தான். பேனா மேல் பழி இல்லை. கை தேறி வருகிறது, பித்தானை நானே போட்டுக்கொள்கிறேன். நீ ஊர் போய்ச் சேர்ந்தபின் இருமல் நின்றதா?

இதுவரை நாலு பை எடுத்துவிட்டார்கள். நூற்றுக்கு ஐம்பத்தெட்டு பங்கு சிவப்பணுவாக இருந்தது இப்போது நாற்பத்தாறு. நாற்பத்தைந்துக்குக் கீழே வர வேண்டும் என்கிறார்கள். முதல் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். இரண்டாவது பையில் நர்சிடம், "நல்லா திறந்து விடும்மா, ப்ளோ டவுன்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

நீ இங்கே இருந்த ஒன்பது நாளும் அந்தக் கடிதத்தைப் பற்றி நான் பேசவில்லை. கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். மன்னிப்பு, கின்னிப்பு என்று போனில் அழாதே. தப்பு தப்புதான். ஆனால் நான் உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. மில்லில் சேர்ந்த வருஷம் ஒரு நாள் அழுத்தக் கேஜ் முள் சிவப்புக்கோட்டைத் தாண்டி நின்றது. நான் கேஜ்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டு அலறியபிறகுதான் புத்தி வந்தது. என் பக்கத்தில் நின்றவருக்குத் தோள் வெந்துபோனது. கேஜில் தப்பில்லை என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் கேஜைத் தட்டினேன், நீ குழாயைக் கொட்டினாய். எனக்குப் பிறந்தவள்தான்.

இப்போது என் கேள்விக்குப் பதில் சொல். பாய்லரில் தண்ணீர் மட்டம் பார்க்கும் கண்ணாடியில் இரண்டு கோடு இருக்கும். கீழ்க்கோட்டுக்குக் கீழே போனாலும் ஆபத்து, மேல்கோட்டுக்கு மேலே போனாலும் ஆபத்து. உங்கள் நீலப் புட்டியில் ஏன் ஒரே கோடு? ரத்தம் போதுமா என்று மட்டும் கேட்கிறீர்கள். அதிகமா என்று ஒருவரும் கேட்கவில்லையே. எத்தனை தடவை மூழ்கினேன், எத்தனை தடவை கைதட்டினார்கள். இன்னொரு புட்டி வை. அதில் நல்ல ரத்தம் மிதக்க வேண்டும், என் ரத்தம் மாதிரி இருந்தால்தான் மூழ்க வேண்டும். உன்னால் முடியாது என்றால் சொல், நானே உங்கள் பெரிய அதிகாரிக்கு எழுதுகிறேன். என் எழுத்து கோணலாக இருந்தாலும் படிக்க முடியும்.

இப்படிக்கு,
அப்பா


அக்டோபர் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

இருமல் நின்றது. மாத்திரையைத் தவறாமல் போடுகிறீர்களா? அத்தை மேற்பார்வை இடுகிறாள் என்று நம்புகிறேன்.

நீங்கள் எழுத வேண்டாம், நானே போனேன். உங்கள் ஊர் ரத்த வங்கிக்கும் பொறுப்பான எங்கள் தலைமை டாக்டர், "முப்பது வருஷமா ஒரே புட்டிதான். ஒரு குறையும் வரலையே" என்றார். "வந்திருக்கு சார். என் அப்பாதான் அந்தக் குறை" என்றேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் கொட்டிய குழாயையும் சொன்னேன். அறையில் ஆறு பேர் இருந்தார்கள். கடைசிவரை நிறுத்தாமல் சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அப்புறம் ஒரு பக்கத்தில் எழுதிக்கொடுத்தார். ஒரே ஒரு முகாம், பரீட்சார்த்தமாக. இரண்டாவது கரைசல் கொஞ்சம் அடர்த்தி கூட. அதிலும் மூழ்கினால் நோய் என்று அர்த்தமில்லை, புகைபிடிப்பவர்களுக்கும் அப்படி ஆகலாம். ஒரு குழாய் எடுத்து முழுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். என் மேல் ஒரு எச்சரிக்கைக் குறிப்பும் எழுதிவைத்தார். கையெழுத்துப் போட்டேன்.

கரைசலை நானே கலக்கினேன். அடுத்த மாதம் எட்டாம் தேதி, நீங்கள் மிதிக்க மாட்டேன் என்ற அதே படியில் முகாம். போவதும் போகாததும் உங்கள் இஷ்டம்.

உங்கள் மகள்


நவம்பர் 9

வாயாடிக்கு,

சுகம். சிவப்பணு இப்போது நாற்பத்து நாலு.

போனேன். படியை மிதித்தேன். வரவேற்புப் பெண் மறுபடி எழுந்து நின்றாள், மேஜை இழுப்பறையைத் திறந்து சான்றிதழை எடுத்துக்கொடுத்தாள். ஒன்பது மாதமாகப் பத்திரமாக வைத்திருக்கிறாள். வாங்கிக்கொண்டேன். சோதனை மேஜைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். இரண்டு புட்டியும் ஒன்றுபோல நீலம். இரண்டாவதில் நீ ஒட்டிய சீட்டு இருந்தது.

மதியம்வரை வந்தவர்களுக்கெல்லாம் முதல் புட்டியில் மூழ்கியது, இரண்டாவதில் மிதந்தது. எனக்கே சப்பென்று ஆகிவிட்டது. அப்புறம் ஒரு லாரி டிரைவர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஆஜானுபாகு, முகம் செக்கச்செவேல். "நாற்பதாவது தடவை" என்று சொல்லிக்கொண்டே விரலை நீட்டினார். முதல் புட்டியில் கல் மாதிரி விழுந்தது. கைதட்டினார்கள். இரண்டாவதில் விட்டாள். அதிலும் அடியில் போய் உட்கார்ந்தது. கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது.

நான் எழுந்து நின்று, "தட்டாதீங்க" என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது.

டிரைவருக்குக் கோபம். "எனக்கு ரத்தம் ஜாஸ்தி இருந்தா உங்களுக்கு என்னய்யா நஷ்டம்?" என்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். பிப்ரவரியில் நான் நடந்த அதே நடை. பின்னாலேயே போனேன். "குளிச்சா அரிக்குதா?" என்று கேட்டேன். நின்றுவிட்டார். "கால்விரல் எரியுதா?" என்றேன். திரும்பி என்னைப் பார்த்தார். என் சான்றிதழைக் காட்டினேன், அப்புறம் இந்த வலது கையை நீட்டி விரலை மடக்கிக் காட்டினேன். பாதிதான் மடங்கியது.

உள்ளே வந்து உட்கார்ந்தார். குழாயில் எடுத்தார்கள். மெஷினை ஓட்டுகிற பெண் புதுசு, அந்த வயதில் நீ இருந்த மாதிரி. குழாயைக் கையில் எடுத்தாள். "மெதுவா கவிழ்த்து நிமிர்த்தும்மா. நான் எண்ணுறேன்" என்றேன். ஒன்றிலிருந்து எட்டுவரை அந்த அறையே கேட்கிற மாதிரி வாய்விட்டு எண்ணினேன். டிரைவரும் கடைசியில் கூடச் சேர்ந்து எண்ணினார். மெஷின் பத்தொன்பது என்று காட்டியது. அந்தப் பெண் பயந்துபோய் என்னைப் பார்த்து, "சரியா கலக்கலையோ சார்?" என்றாள்.

"கலக்கினே. எழுது" என்றேன்.

எழுதினாள். உடம்பைப் பார்த்துக்கொள். அத்தை விசாரித்தாள்.

இப்படிக்கு,
நூற்றுப் பதினோரு முறை கொடுத்த அப்பா